ஈடு

படிவத்தின் பதினோராம் கட்டம்: ஈடு.
அதற்கு நேரே பென்சிலில் எழுதியிருந்தார்கள்
‘நாத்தம்’ என்று.

விளையாட்டு என்று நினைத்து ரப்பரைத் தேடினேன்.
எதிரில் உட்கார்ந்திருந்த பாவாயி சிரிக்கவில்லை.
கூட்டுறவுச் சங்கச் செயலாளர். சுருக்குப்பையில் சங்கத்தின் முத்திரை.
“வந்து மோந்து பாருங்க மேடம்.
எங்ககிட்ட அதுக்கு மேல சொத்து இல்ல.”

வாழப்பாடி தாண்டியதும்
ஜீப் கண்ணாடியை ஏற்றினார் ஓட்டுநர்.
“சேகோ சீசன்” என்றார்,
வீட்டில் நடந்த சண்டைக்குச் சமாதானம் சொல்பவரைப் போல.
இந்த மாவட்டத்தை மூக்கால் அளக்கலாம்.
செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் வெள்ளி கழுவிய அமிலம்,
ஏற்காட்டு வளைவில் ஒருவாரம் மட்டும் காப்பிப் பூ,
இங்கே
மரவள்ளி அரைத்த தண்ணீர்
குட்டையில் நாள்கணக்காய் நின்று புளித்த புளிப்பு.

ஏழு ஆலைகள். ஒன்றும் பெரிதில்லை.
ஒன்றின் கூரை போன ஐப்பசிக் காற்றில்
பக்கத்து வயலுக்குப் போனது. இன்னும் திரும்பவில்லை.
தொட்டியடியில் மாவு சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.
மேலே தெளிந்ததை வாய்க்காலில் விட்டால்
கீழ்க்காட்டு வையாபுரியின் கிணறு மஞ்சளாகும்.
விடாவிட்டால் ஆலை நிற்கும்.
வாரியத்தின் நோட்டீஸ் கதவில், பசை காயாமல்.

கேட்டது இதுதான்:
ஏழு பேருக்கும் பொதுவாய் ஒரு சாண எரிவாயுக் கலன் மாதிரி,
ஆனால் கழிவுநீருக்கு.
நாற்றத்தைப் பிடித்து மூடிவைத்து
வறுக்கும் அடுப்புக்கு அனுப்ப வேண்டும்.
மூன்று வங்கிகள் படித்துப் பார்த்தன.
மூன்றும் மூக்கைப் பொத்திக்கொண்டன.

எங்கள் கழகம் தருமக்கடை அல்ல.
வட்டி உண்டு, விளிம்புத்தொகை உண்டு,
என் மேலாளர் ஜெயக்கொடிக்குச் சந்தேகம் உண்டு.
தலைமையகத்திலிருந்து பதினான்கு கேள்விகள் வந்தன.
ஒன்பதாவது: ‘எரிவாயு உண்மையில் வருமா?’
‘இப்போதே வந்துகொண்டிருக்கிறது,
வீணாக’ என்று எழுதினேன்.
கோப்பில் அப்படி எழுதக்கூடாதாம்.

பதினோராம் கட்டம் மட்டும் அப்படியே இருந்தது.
ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில்,
மஞ்சள் பையில் பத்திரத்தோடு ஒருவர் நின்றார்.
“நான்தான் வையாபுரி. அவங்க மேல கேஸ் போட்டவன்.”
ஒன்றே முக்கால் ஏக்கர். வில்லங்கம் சுத்தம்.
“கெட்டுப்போன காடு மேடம்.
வெள்ளாமைக்குத்தான் ஆகல, ஈடுக்காவது ஆகட்டும்.”
அவர்களுக்காகவா என்றேன்.
“அவங்களுக்கு எதுக்கு? கெணத்துக்கு.”
கேஸை வாபஸ் வாங்குவீர்களா என்றும் கேட்டேன்.
“அது தனி” என்றார்.

மதிப்பீட்டாளர் போட்ட தொகை போதவில்லை.
ஏழு குடும்பமும் ஒருவருக்கொருவர் ஜாமீன் எழுதினார்கள்,
கல்யாணத்துக்குப் பேசிக்கொள்ளாத இரண்டு வீடுகள் உட்பட.
ஒன்றரை வருடம் அசலுக்கு விடுப்பு.
நான்கு லாரிச் சாணம் கொட்டிக்
கலனுக்குள் நுண்ணுயிரைக் குடிவைத்தார்கள்.
இரண்டு மாதம் ஒன்றுமில்லை. ஜெயக்கொடி தினமும் விசாரித்தார்,
பிரசவ வார்டில் நிற்பவரைப் போல.

பிறகு ஒரு விடியற்காலை பாவாயியின் போன்.
பேச்சே இல்லை. அடுப்பு எரியும் சத்தம் மட்டும்
கொஞ்ச நேரம் கேட்கவிட்டு, வைத்துவிட்டாள்.

இத்தோடு முடித்தால் அழகாக இருக்கும்.
அந்த வருடம் ஜவ்வரிசி விலை விழுந்தது.
இரண்டு தவணை நிலுவை.
காலத்தை நீட்டி அட்டவணையை மறுபடி எழுதினோம்.
ஒரு ஆலை மூடியது. அதன் பங்கை
மற்ற ஆறும் முனகிக்கொண்டே கட்டுகின்றன.

மாதா மாதம் வையாபுரி
தன் கிணற்றுத் தண்ணீரை ஒரு சோடா பாட்டிலில் கொண்டுவந்து
என் மேசையில் வைக்கிறார்.
போன மாதத்ததையும் இந்த மாதத்ததையும்
ஜன்னல் வெளிச்சத்தில் ஒட்டிப் பிடிக்கிறார்.
எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.
“நல்லாப் பாருங்க” என்கிறார்.

பார்க்கிறேன்.